படுவான்கரை: சோடி பிரிந்த ஒரு பெயர்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். வாவிக்கு மேற்கே பிறந்தவர் என்றால் தயங்காமல் "படுவான்கரை" என்பார். கொக்கட்டிச்சோலையா, ஆயித்தியமலையா, பழுகாமமா என்பது அடுத்த கேள்விக்குத்தான் வரும். வாவிக்குக் கிழக்கே பிறந்தவர் அப்படிச் சொல்வதில்லை. ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி என்று நேரே ஊர்ப்பெயருக்குப் போய்விடுவார். தன் கரைக்கும் எழுவான்கரை என்று ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். வாயில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டு பெயர்களும் ஒரே மூச்சில் பிறந்தவை. இக்கரை என்றால் அக்கரை இருக்க வேண்டும். எழுவான் இல்லாமல் படுவானுக்குப் பொருளே இல்லை. அப்படியிருக்க ஒன்று மட்டும் மனிதர்மேல் ஒட்டிக்கொண்டது, மற்றது காற்றோடு போனது. இது எப்படி நடந்தது என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா படுவான்கரைக்காரர், அம்மா எழுவான்கரை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குக் குடிவருவதால், அப்பா தோணியேறி இக்கரைக்கு வந்தார். நாங்கள் இக்கரையிலேயே வளர்ந்தோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்ந்தாற்போல வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஏறாவூருக்கு அப்பாலிருந்து கல்முனைப் பக்கம் வரை அதன் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கல்லாறு போன்ற இடங்களில் கடற்கரையிலிருந்து வாவிக்கரைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம். அந்த மணல் நாடாதான் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடி, கோட்டைக்கல்லாறு, துறைநீலாவணை என்று ஊர்கள் ஒன்றன் வேலியில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. தென்னை, கடல், பிரதான வீதி, சந்தை எல்லாம் இந்தப் பக்கம்.

வாவியைத் தாண்டினால் நிலம் அகன்றுவிடுகிறது. வயல், குளம், மேய்ச்சல் தரை, காடு, பிறகு மலை. வவுணதீவு, கன்னன்குடா, முதலைக்குடா, மகிழடித்தீவு, முனைக்காடு, அம்பிலாந்துறை, போரதீவு, வெல்லாவெளி, மண்டூர், உன்னிச்சை, தாந்தாமலை. இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தீவு, குடா, முனை, காடு, வெளி, மலை. தண்ணீரின் வளைவு நெளிவுகளில் தொடங்கிக் காட்டிலும் மலையிலும் போய் முடிகின்றன.

அடுத்து சொல்லுக்கு வருவோம். எழுவான், படுவான் என்பவற்றை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். எழு + வான், படு + வான் என்று பிரித்தால் பொழுது எழுகிற வானம், பொழுது படுகிற வானம். எழுபவன், படுபவன் என்று ஞாயிற்றையே ஆளாக்கிச் சொன்னதாகவும் கொள்ளலாம். எப்படிப் பிரித்தாலும் வந்து சேரும் பொருள் ஒன்றே: கிழக்கு, மேற்கு. என் பெத்தா (பாட்டி) 'கரை' என்ற சொல்லைச் சேர்க்காமலே இவற்றைத் திசைச்சொற்களாக வைத்திருந்தா. "எழுவான்ல மழை கறுக்குது மனே, நெல்லை அள்ளு" என்பா. வீட்டு வாசலும் அவவுக்கு எழுவான் வாசல்தான்.

'படு' என்ற வினை தமிழில் மிகப் பழையது. மறையும் சூரியனுக்குப் படுஞாயிறு, படுசுடர் என்பவை நம் இலக்கியச் சொற்கள். தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதை 'எற்பாடு' என்கிறது. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்லும். எங்கள் பேச்சில் அந்த வினை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. "பொழுது படக்குள்ள வந்திடு", "பொழுது பட்டா ஆத்தங்கரைக்குப் போகாத." வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள், அதில் பிடிப்பது ஆத்துமீன், கடலில் பிடிப்பது கடல்மீன்.

கடல்தாண்டிப் பார்த்தால் இதற்கு உறவுச்சொற்கள் இருக்கின்றன. மலையாளத்தில் மேற்குக்குப் படிஞ்ஞாறு என்று பெயர். படும் ஞாயிறு என்பதே அது. கன்னடத்தில் மேற்கு படுவண, கிழக்கு மூடண. அம்மொழியில் மூடு என்பதற்குத் தோன்றுதல், உதித்தல் என்று பொருள். ஆக எழுவானும் படுவானும் போல அங்கேயும் ஒரு சோடி. கேரளத்தில் 'மேற்கு' நிலைக்காமல் படிஞ்ஞாறு நிலைத்ததற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: மேற்கு என்பது மேல், கிழக்கு என்பது கீழ், மேட்டையும் பள்ளத்தையும் வைத்து வந்த சொற்கள், கேரளத்தில் மலை கிழக்கே இருப்பதால் அது பொருந்தாது. மட்டக்களப்பில் மலை மேற்கேதான் இருக்கிறது. மேற்கு, கிழக்கு என்பவை எங்கள் நிலத்துக்கு அப்படியே பொருந்தும். இருந்தும் எங்கள் முன்னோர் சரிவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தாய்வழிக் குடிமுறையிலும் மரபுவழிச் சொத்துரிமை முறையான முக்குவர் சட்டத்திலும் மட்டக்களப்புக்குக் கேரளத்தோடு உறவுண்டு என்று ஆய்வாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லை வைத்து அதை நிறுவ நான் முயலவில்லை. ஒரே வேர் நான்கு இடங்களில் ஒரே வேலையைச் செய்வதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை மட்டும் சொல்கிறேன்.

இனி எனக்கு மிக முக்கியமான கேள்வி. இந்தப் பெயர்களை எங்கே நின்று வைத்தார்கள்?

எழுவான்கரையில் நின்று பார்த்தால் சூரியன் கடலில் எழும்புகிறது. நாம் நிற்கும் மணலில் எழும்பவில்லை. படுவான்கரையில் நின்று பார்த்தால் அது இன்னும் மேற்கே, மலைகளுக்குப் பின்னால் போய்ப் படுகிறது. இரண்டு பெயரும் ஒரே நேரத்தில் சரியாகப் பொருந்துவது ஓர் இடத்தில் மட்டும்தான், வாவியின் நடுவில். காலையில் தோணியில் இருப்பவனுக்கு ஒரு கரையின் தென்னைகளுக்கு மேலே பொழுது எழும்புகிறது. மாலையில் மறு கரையின் மருதமரங்களுக்குப் பின்னால் பொழுது படுகிறது. வலை போட்டவனும் தோணி தாங்கியவனும் வைத்த பெயர்கள் இவை என்றே நான் நினைக்கிறேன். தண்ணீரில் இருப்பவனுக்கு இரண்டு கரையும் சமம். ஒன்று ஊர், மற்றது காடு என்ற எண்ணம் அவனுக்கு இல்லை.

இந்தப் பக்கத்து இடப்பெயர்கள் பலவற்றில் அந்தத் தண்ணீர்ப் பார்வை இருக்கிறது. அம்பிலாந்துறையில் துறை உண்டு. சம்மாந்துறையைச் சம்பான் துறை என்று விளக்குவார்கள்; சம்பான் என்றால் ஒருவகைத் தோணி. தெற்கே அக்கரைப்பற்று. அந்தப் பெயரைச் சொல்லும்போதே யாரோ ஒருவர் இக்கரையில் நின்று கைகாட்டுவது தெரிகிறது. அதற்கு வடக்கே கரைவாகு. ஏன், மட்டக்களப்பே ஒரு தண்ணீர்ப் பெயர்தான். களப்பு என்றால் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு. மட்டம் என்பதைச் சமதளம் என்று சிலரும், 'இதுவே எல்லை' என்று வந்தேறியோர் சொன்னதாகச் சிலரும் விளக்குகிறார்கள்.

பழைய ஆட்சிப் பிரிவுகளும் வாவியை எல்லையாகக் கொள்ளவில்லை என்பதற்கு மண்முனை என்ற பெயர் நல்ல சாட்சி. இன்றுள்ள பிரதேச செயலகங்களில் மண்முனை வடக்கு, மண்முனைப்பற்று, மண்முனை தென் எருவில் பற்று ஆகிய மூன்றும் பெரும்பாலும் எழுவான்கரையில் இருக்கின்றன. மண்முனை மேற்கும் மண்முனை தென்மேற்கும் படுவான்கரையில். ஒரே மண்முனை இரண்டு கரையிலும் கால்வைத்து நிற்கிறது. வாவி அன்று பிரிக்கும் கோடாக இருக்கவில்லை, நடுவீதியாக இருந்தது. தோணியில் போகிறவனுக்கு மகிழடித்தீவும் ஆரையம்பதியும் எதிரெதிர் வீடுகள்.

வாழ்க்கையும் அப்படித்தான் ஓடியது. எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் வட்டை. (வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் வயற்பரப்பை வட்டை என்போம். காக்காச்சிவட்டை என்று ஊரே இருக்கிறது; வயல்களைப் பார்க்கும் அதிகாரிக்கு வட்டவிதானை என்று பெயர்.) மாரி தொடங்கமுன் விதைநெல்லோடு அக்கரைக்குப் போகிறவர்கள் வாடி கட்டித் தங்குவார்கள். காவல், சூடு அடுக்குதல், சூடடித்தல், பொலி தூற்றுதல் முடிந்து நெல் தோணியில் இக்கரைக்கு வரும். போகும் தோணியில் தேங்காய், கருவாடு, உப்பு. வரும் தோணியில் நெல், எருமைத்தயிர், தேன். போடியார்மார் (பெரிய வயற்சொந்தக்காரர்) இரண்டு கரையிலும் சொந்தம் வைத்திருந்தார்கள். கலியாண உறவும் கோயில் உறவும் குறுக்கும் மறுக்குமாக ஓடின. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கும் சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகனின் திருவிழாவுக்கும் எழுவான்கரை திரண்டு போகும். தேசத்துக் கோயில்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். அந்தத் 'தேசம்' இரண்டு கரையையும் சேர்த்தது.

அந்த நாளில் படுவான்கரை என்ற சொல்லுக்கு நெல் என்றுதான் பொருள். பெண்கொடுக்கும் வீட்டில் "மாப்பிள்ளை படுவான்கரை" என்றால் அடுத்த கேள்வி எத்தனை ஏக்கர் என்பது. பெத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்பாவைப் பேசிவந்தபோது அக்கரை மாப்பிள்ளை என்பதால் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி என்று.

பிறகு பார்வையின் இடம் மாறியது. தண்ணீரிலிருந்து கரையேறி, புளியந்தீவில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதைச் சொல்ல மட்டக்களப்பு என்ற பெயரின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. பிறகு ஆங்கிலேயர். கோட்டைக்குள் கச்சேரி, அதாவது அரசாங்க நிர்வாக அலுவலகம், வந்தது. அதைச் சுற்றி நகரம் வளர்ந்தது. தீவின் பெயர் பின்னுக்குப் போய், நாட்டின் பெயர் நகரத்தின் பெயராயிற்று. 1833இல் கிழக்கு மாகாணம் உருவானபோதும் மட்டக்களப்பு என்பது தெற்கே பொத்துவில், பாணமை வரை நீண்ட ஒரு பெருநிலம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக வெட்டப்பட்டதும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் அந்தப் பெயரிலிருந்து ஒரே நாளில் வெளியே போயின. பேச்சும் சமையலும் குடிமுறையும் கண்ணகி வழிபாடும் போகவில்லை. பெயர் மட்டும் போனது.

அதே காலத்தில் பட்டிப்பளை ஆற்றுக்கும் இது நடந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு ஆற்றின் பெயர் கல்லோயா என்று நிலைத்தது. பட்டிப்பளை இன்று வாழ்வது படுவான்கரையில் ஓர் ஊரின் பெயராகவும் பிரதேச செயலகத்தின் வழக்குப் பெயராகவும்தான். அம்பாறை மாவட்டத்துக்கோ தேர்தல் பட்டியலில் திகாமடுல்ல என்று இன்னொரு பெயர். ஒரே நிலத்துக்கு ஆட்சியில் ஒரு பெயர், வாக்குச்சீட்டில் ஒரு பெயர், ஊராரின் வாயில் ஒரு பெயர்.

எனவே இன்று மட்டக்களப்பு என்ற பெயர் மூன்று அளவுகளில் புழங்குகிறது. திருக்கோவிலில் இருக்கும் வயதானவர் "நாங்களும் மட்டக்களப்பு ஆக்கள்தான்" என்னும்போது அது பழைய பெருநிலம். படிவத்தில் எழுதும்போது அது மாவட்டம். வெல்லாவெளியில் ஒருவர் காலையில் பஸ்ஸேறி "மட்டக்களப்புக்குப் போயிட்டு வாறன்" என்னும்போது அது நகரம் மட்டும். அவர் நிற்கும் இடமும் மட்டக்களப்பு மாவட்டம்தான். ஆனாலும் மட்டக்களப்புக்குப் போகிறார். அந்த வாக்கியத்தை நாம் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. தான் இருக்கும் இடம் அந்தப் பெயருக்கு வெளியே என்று அவர் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கோப்புகளும் நகரத்தில் நின்றே திசை பார்க்கின்றன. மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயம். மேற்கு என்றாலும் படுவான் என்றாலும் திசை ஒன்றுதானே என்று கேட்கலாம். திசை ஒன்றுதான், நடுவிடம் வேறு. படுவான்கரைக்கு நடுவிடம் வாவி. மேற்கு வலயத்துக்கு நடுவிடம் கச்சேரி. முந்தியதில் நீங்கள் இரண்டு கரைகளில் ஒன்று. பிந்தியதில் ஒரு மையத்துக்கு அப்பால் இருக்கும் ஓரம்.

இந்த இடத்தில்தான் சோடி பிரிந்தது என்பது என் எண்ணம். நகரம், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள், கச்சேரி, கொழும்புக்குப் போகும் பஸ் எல்லாம் இந்தப் பக்கம் வந்துசேர்ந்த பிறகு எழுவான்கரைக்குத் தன்னைக் கரை என்று சொல்லிக்கொள்ளும் தேவை போய்விட்டது. அது சும்மா 'இங்க' ஆகிவிட்டது. அக்கரை மட்டும் பெயரோடு நின்றது. பெயர் சொல்லி அழைக்கப்படுவது எப்போதும் பெருமைக்கல்ல. பந்தியில் ஒருவரை மட்டும் சாதியோ ஊரோ சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு என்ன தோன்றும்?

அரசாங்க உத்தியோகத்தர் வாயில் படுவான்கரைக்கு இன்னொரு பொருள் வந்தது. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகைப்படுத்தினார்கள். அங்கே உழைக்கும் ஆசிரியருக்குச் சலுகை கிடைக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் புதிய நியமனக் கடிதத்தைப் பிரித்தவர் முகம் வாடி "படுவான்கரை கிடைச்சிருக்கு" என்னும்போது அந்தச் சொல் தண்டனையின் பெயராகிவிடுகிறது. காலையில் பாதையில் போய், மத்தியானம் பள்ளி விட்டதும் அதே பாதையில் திரும்பும் ஆசிரியர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாம் இருக்கும் ஊரில் தங்க யாரும் விரும்பவில்லை என்பதை ஒரு பிள்ளை எந்த வயதில் புரிந்துகொள்ளும்?

(பாதை என்றேன். வெளியூர் வாசகர் வீதியென்று நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைக்குப் பாதை என்று பெயர். மண்முனைப் பாதை, குருமண்வெளி–மண்டூர்ப் பாதை. தண்ணீர்தான் வீதி என்றிருந்த காலத்தின் மிச்சம் இந்தச் சொல். எனக்கு மிகப் பிடித்த மட்டக்களப்புச் சொற்களில் ஒன்று.)

நான் படித்தது எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். அக்கரையிலிருந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்க வந்த ஒரு பெடியன் எங்கள் வகுப்பில் இருந்தான். கணக்கில் அவன்தான் முதல். ஒருநாள் சப்பாத்தில் சேறு ஒட்டியிருந்ததைப் பார்த்து ஆசிரியர் "படுவான்கரை வந்திட்டுது" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபோது அப்பா வட்டையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சேற்றைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ நெருடியது. அதைக் கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை.

போர் வந்தபோது பெயர் மறுபடியும் பொருள் மாறியது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரையின் பிரதான வீதியும் நகரமும் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவி எல்லையாகியது. வலையிறவுப் பாலம், மண்முனைத்துறை, பதுளை வீதியில் செங்கலடிக்கு அருகே கறுத்தப்பாலம் எல்லாம் சோதனைச் சாவடிகள். கட்டுப்பாட்டுப் பகுதி, கட்டுப்பாடற்ற பகுதி என்று வானொலியும் பத்திரிகையும் பேசின. எவருடைய கட்டுப்பாடு என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. அடையாள அட்டையில் படுவான்கரை விலாசம் இருந்தால் சாவடியில் கேள்வி நீளும். நெல் இக்கரைக்கு வரவும் பற்றரியும் உரமும் சீமெந்தும் அக்கரைக்குப் போகவும் கட்டுப்பாடுகள். நோயாளியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு அனுமதிக்காகக் கரையில் காத்திருந்த இரவுகள் இரண்டு கரைக்கும் நினைவிருக்கும்.

1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் நடந்த படுகொலைகளால் கொக்கட்டிச்சோலை என்ற பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. கல் நந்தி எழும்பிப் புல் தின்ற ஊர் என்று நாங்கள் சின்ன வயதில் கதை கேட்ட அந்தப் பெயரை, வெளியே பலர் முதன்முதலாகக் கேட்டது இறந்தவர்களின் எண்ணிக்கையோடுதான். மகிழடித்தீவு, முதலைக்குடா என்ற பெயர்களுக்கும் அதே கதி.

2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் வாவியைக் கடந்து வந்தது. பல்லாயிரக்கணக்கானோர். பாதையில், தோணியில், கழுத்தளவு தண்ணீரில் நடந்து. எழுவான்கரைப் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் வெறும் வெளிகளும் கூடாரங்களால் நிறைந்தன. மாடுகள் அக்கரையில் நின்றுவிட்டன. என் மாமி ஒருத்தி, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து மாலைநேரங்களில் மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பா. அந்த வருடம் ஜூலையில் குடும்பிமலையும் இராணுவத்தின் கைக்கு வந்தது. செய்திகளில் அது தொப்பிகல. மலைக்குக்கூட இரண்டு பெயர்.

போர் முடிந்த பிறகு பாலங்கள் வந்தன. 1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறந்தார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிது 2014இல் ஜப்பான் உதவியோடு மண்முனையில் வந்த பாலம். அரைமணி நேரம் பாதைக்குக் காத்திருந்த இடத்தை மோட்டார் சைக்கிள் இரண்டு நிமிடத்தில் கடக்கிறது. தெற்கே பட்டிருப்புப் பாலம் முன்பே இருந்தது. குருமண்வெளியிலும் பாலம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை.

பாலம் வந்தால் கரை என்ற சொல் மங்கிவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். மறுதலையாகவே நடந்தது. போக்குவரத்து கூடக்கூடப் படுவான்கரை என்ற பெயரைக் கேட்பதும் கூடியது. சமூக ஊடகப் பக்கங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அதையே பெயராக வைக்கிறார்கள் அங்குள்ள இளைஞர்கள். கன்னன்குடாவிலும் முனைக்காட்டிலும் ஆடும் கூத்தைப் படம்பிடித்துப் போடும்போது படுவான்கரைக் கூத்து என்றே எழுதுகிறார்கள். (கூத்திலும் வடமோடி, தென்மோடி என்று திசைப்பெயர்தான். இந்த மண்ணுக்குத் திசையை விட்டால் பெயர் வைக்கத் தெரியாது போலும்.) ஒரு தலைமுறைக்குக் கூச்சமாக இருந்த சொல்லை அடுத்த தலைமுறை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பெருமைக்குள்ளும் ஒரு கவலை உண்டு. படுவான் என்பதைத் துன்பப்படுபவன் என்று வாசிக்கும் பழக்கம் கவிதைகளிலும் மேடைப்பேச்சிலும் பெருகிவிட்டது. 'படுவான்கரை எப்போது எழும்?' என்று கேட்டுக் கைதட்டு வாங்குவார்கள். வெள்ளமும் யானையும் வறட்சியும் அங்கே உண்மை. மாரியில் வீதி மூடித் தனித்துப்போகும் ஊர்களும் உண்மை. அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துன்பத்தைப் பெயருக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டால், அது யாரோ செய்யாமல் விட்ட வேலையால் வந்தது என்பது மறைந்து தலைவிதி ஆகிவிடும். 'படு'வுக்குத் தமிழில் எத்தனையோ பொருள். கண்ணில் படும், காதில் படும், வலையில் மீன் படும். விடிய வந்த தோணியைப் பார்த்து "இண்டைக்கு என்ன பாடு?" என்று கேட்பது பிடிபட்ட மீனைப் பற்றித்தான். பொழுது படுவதும் வாட்டமல்ல. வேலை முடித்து எல்லோரும் வீட்டுக்கு வரும் நேரம் அது.

படுவான்கரைக்குக் கிழக்கெல்லை தெளிவு, அது தண்ணீர். மேற்கெல்லை எது? பெயரிலே எல்லை இல்லை. பொழுது எதுவரை போய்ப் படுகிறதோ அதுவரை. பட்டிகளை ஓட்டிக்கொண்டு மாரியில் மேற்கே போன பட்டிக்காரனுக்கும், தேன் எடுக்கக் காட்டுக்குள் போனவனுக்கும் அது திறந்தே கிடந்தது. மாவட்ட எல்லைக் கோடும் குடியேற்றத் திட்டங்களும் வன இலாகாக் கற்களும் வந்து அதற்கு ஓர் எல்லை போட்டன. மேய்ச்சல் தரை பற்றி இன்று நடக்கும் வழக்குகளையும் போராட்டங்களையும் விளங்கிக்கொள்ள இந்தப் பெயரின் திறந்த மேற்கு எனக்கு உதவியிருக்கிறது. வரைபடத்தில் கோடு போட்டவருக்கும் பெயரில் வாழ்ந்தவருக்கும் நிலம் ஒரே அளவாக இருக்கவில்லை.

அப்பா போன வருடம் காலமானார். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதினோம். முதலைக்குடாவைப் பிறப்பிடமாகவும் களுவாஞ்சிகுடியை வசிப்பிடமாகவும் கொண்ட என்று, எல்லோரும் எழுதுவது போல. படுவான்கரை என்று எழுதவில்லை. அறிவித்தலில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. செய்தி அக்கரைக்குப் போய் மத்தியானத்துக்குள் பாலத்தால் மூன்று வான்களில் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்பென்றால் பொழுது பட்டிருக்கும். பந்தலில் எங்கள் பக்கத்தவர் அவர்களைக் காட்டி "படுவான்கரை ஆக்கள், முதல்ல தேத்தண்ணி குடுங்க" என்றார்கள்.

நான் தட்டத்தோடு போனபோது மாமி பக்கத்திலிருந்த கிழவியிடம் என்னைக் காட்டினா. "அண்ணன்ட மகன். இவன் எழுவான் பெடியன்" என்றா. அந்தப் பெயரால் என்னை ஒருவர் அழைத்தது அதுதான் முதல் தடவை.